கோரைக்குள் புகுந்த விரால்

திண்டுக்கல்லைத் தாண்டியதும் ஆற்றுப் பாலத்தில் பழனி பஸ் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கிறது. நான் இறங்கி ஆற்றுக்குப் போகிறேன். கரையில் பேகம்பூர்ப் பெரியவர் ஒருவர் தூண்டிலோடு நிற்கிறார். சிக்கிய விரால் கோரைக்குள் புகுந்துவிட்டது.

“தம்பி, செத்த நேரம் கழியப் புடிங்க. இழுத்தா தூண்டி நரம்பு அந்துரும். புது மருமகன் மொதத் தடவையா சாப்பிட வாராரு.”

கைலியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார். மீன் இழுக்க, என் கையில் கழி வளைகிறது. கண்டக்டர் விசில் அடிக்கிறார். நிறுத்தச் சொல்லிக் கத்த எனக்கு வாய் வரவில்லை. கழியைப் போட்டுவிட்டு ஓடவும் மனமில்லை. பஸ் நகர்கிறது.

கழி சட்டென்று லேசாகிறது. மீன் போய்விட்டது என்றே நினைக்கிறேன். பெரியவர் கோரைக்குள்ளிருந்து செவுளைப் பிடித்து விராலைத் தூக்குகிறார்.

“பஸ் போயிருச்சு, பாய்.”

“போகட்டும். இம்புட்டுப் பெரிச நான் ஒத்தையிலயா தூக்கிட்டுப் போறது? வாங்க, மருமகனோட உக்காந்து சாப்பிடலாம்.”