வராந்தா பல்பிலிருந்து இழுத்த லைன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் என் சம்சாரம். கதவருகே வீட்டுக்காரம்மா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. ஸ்டூலின் மேல் கரண்ட் வேலை பார்க்கும் பாய். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நான். தரையில் ஓர் ஆப்பிள் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் எங்கள் பெண். பிறந்து ஒரு வாரம் ஆகவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பெரிய வீடு ஒன்றின் பின்புறம், பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஓட்டு அறையில் குடியிருந்தோம்.

குழந்தை எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நிறுத்தபோது ஒரு கிலோ அறுநூறு. என் தோளில் எண்பது கிலோ மூட்டை ஏறும். இதைக் கையில் வாங்கியபோது வெறும் துணியை வாங்கினது போலிருந்தது.

நர்சம்மா சொன்னார்: "பால் அப்புறம்பா. மொதல்ல சூடு. சூடு கம்மியாவக் கூடாது. காலத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே இரு."

குழந்தையை வைக்கும் கண்ணாடிப் பெட்டி இங்கே கிடையாது, வேலூரில்தான் உண்டு என்றார். இந்த மழையில் பஸ்ஸில் கொண்டுபோனால் வழி தாங்காது என்றும் அவரே சொன்னார்.

எங்களுக்கு இதற்கு முன்னால் ஒன்று பிறந்தது. ஆண். அதுவும் குறை மாதம்தான். மார்கழி விடியலில் தொட்டபோது சில்லிட்டிருந்தது. அதைப் பற்றி அவளும் நானும் பேசிக்கொண்டதில்லை.

மண்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஒரு கரண்ட் அடுப்பு கொடுத்தார். உள்ளே சுருள் கம்பி சிவந்து எரியும். அதைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பாயைக் கூட்டி வந்தேன்.

பாய் அடுப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, புள்ளைய வளக்கப் போறியா, வறுக்கப் போறியா?"

சம்சாரம் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"குளிரு ஜாஸ்தியா இருக்குது பாய்."

"இருக்கட்டும். வராந்தாவுல இருக்கறது லைட்டு லைன். ஒயரு நூலு மாதிரி இருக்குது. இதுல இந்த அடுப்பப் போட்டா ஒயரு வெந்து, ஓட்டுக் கட்டையெல்லாம் புடிச்சிக்கும். இதுக்கு மீட்டர்லேர்ந்து தனியா பவர் லைன் இழுக்கணும். இன்னிக்கு ஆவற வேலையா அது? பல்பு போடு. நாப்பது வாட்டு போதும். பொட்டிக்குள்ள தொங்க விடு."

பல்புக்கும் பிளக் வேண்டும். எங்கள் அறைக்குக் கரண்ட்டே இல்லை. வெளியே வராந்தாவில் ஒரு பல்பு எரியும். அந்த வெளிச்சம்தான் எங்களுக்கும். அதைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் முன்கட்டில் இருந்தது. அங்கிருந்து எங்களுக்கென்று தனி ஒயர் கொண்டுவர வேண்டுமானால் சாமி அறைச் சுவரில் ஓட்டை போட வேண்டும். கார்த்திகை தீபத்துக்காக அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். பாய் அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். ஓட்டை போடலாமா என்று கேட்கவில்லை. வராந்தா பல்பின் ஹோல்டரிலிருந்தே ஒயரைப் பிரித்து எங்கள் அறைக்குள் இழுத்தார். சுவரில் மரக்கட்டை அடித்து, அதன்மேல் பிளக்கை வைத்துத் திருகினார்.

கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார்: "அம்மா, வராந்தா லைட்டு எரிஞ்சாத்தான் இதுவும் எரியும். அத அணைச்சா இதுவும் அணைஞ்சிடும். ராப்பகலா எரியணும்."

"எத்தினி நாளைக்கு?"

"புள்ள தேர்ற வரைக்கும்."

அந்தம்மா பெட்டியை எட்டிப் பார்த்தார். "எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பல்பு எரிந்தது. பாய் பெட்டிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். பல்பை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டினார். மறுபடியும் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதற்குப் பிறகு பகலில் அவள், ராத்திரியில் நான், மாறி மாறிக் காலைத் தொட்டுப் பார்த்தோம். கால் வெதுவெதுப்பாக இருந்தது. பஞ்சில் நனைத்துப் பால் விட்டால் நாக்கு அசைந்தது.

தீபம் வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் லைட்டை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். மலைமேல் தீபம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அகல் ஏற்றுவார்கள், லைட்டும் போடுவார்கள். அதுவரை தெரு முழுவதும் இருட்டு.

அன்றைக்கும் மண்டியில் வேலை இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து வீடு வந்து சேர்ந்தபோது தெரு இருட்டாகக் கிடந்தது. சிறுதூறல். எங்கள் அறையும் இருட்டு.

"கரண்ட்டு பூட்ச்சி" என்றாள் அவள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தீபத்தன்று ஊரெல்லாம் சீரியல் பல்பு. லோடு தாங்காமல் போவது வருஷா வருஷம் நடப்பதுதான். வந்துவிடும் என்று உட்கார்ந்தேன். அவள் குழந்தையை மார்பில் போட்டுக் கம்பளியால் மூடியிருந்தாள்.

மாடியில் பேச்சு கேட்டது. மலை உச்சியை மேகம் மூடிக்கொண்டதாம். தீபம் ஏற்றியாயிற்றா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை.

"காலு?" என்றேன்.

நான் கம்பளிக்குள் கையை விட்டுத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு என் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

வெந்நீர் வாங்கி வரலாம் என்று முன்கட்டுக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. மேஜைமேல் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் பச்சை வெளிச்சம். கரண்ட்டில் ஓடுகிற ரேடியோ அது.

வீட்டுக்காரம்மாவின் மாப்பிள்ளை மாடிப்படியில் இறங்கி வந்தார். தீபத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தார்.

"கரண்ட்டு இருக்குதா?" என்றேன்.

"இருக்குதே. அத்தை முன்னயே மாடிக்குப் பூட்டாங்க. நான்தான் எல்லா லைட்டையும் அணைச்சேன். இன்னாண்ணே?"

நான் ஸ்விட்சில் கை வைத்தேன்.

"அண்ணே, போடாதீங்க. இன்னும் தீபம் தெரியல."

போட்டேன். வராந்தா வெளிச்சமாயிற்று. அந்த இருட்டுத் தெருவில் அந்த ஒரு பல்புதான்.

எதிர் மாடியிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "யார்றா அது? மலைமேல ஏத்தறதுக்கு முன்ன இவரு ஏத்திட்டாரு!"

இன்னொருத்தர்: "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கினு வாய்யா. இன்னும் தீபம் வரல!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மேலே இருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது: "எங்க வூட்ல ஒரு புள்ள பொட்டியில கெடக்குது. அதுக்குத்தான் லைட்டு. வாய மூடுங்க எல்லாரும்."



மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. என்னைப் பார்த்தார். ஸ்விட்சுக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியில் பல்பு எரிந்தது. குழந்தையைத் திரும்பப் பஞ்சில் வைத்தோம். உதடு நீலமாக இருந்தது. அவள் ஒரு காலையும் நான் ஒரு காலையும் கைக்குள் பொத்திக்கொண்டோம். குழந்தை அழவில்லை. அழுதால் தேவலை என்றிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. மாடிகளில் திடீரென்று "அரோகரா" என்று சத்தம் எழுந்தது. தெரு முழுவதும் எழுந்தது. மேகம் விலகிவிட்டது போல.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

"இருக்கட்டும்."

என் கையில் இருந்த கால் ஒரு முறை உதைத்தது. பிறகு அழுகை வந்தது. மெலிசான அழுகை. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா ஓர் அகலை ஏற்றி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் வெளியே வந்தபோது மாப்பிள்ளை இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் அவர் தீபம் பார்க்கவில்லை.

விடிந்ததும் போய்ப் பாயிடம் சொன்னேன். ஒயர் சுருளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். சாமி அறை வாசலில் நின்றார். வீட்டுக்காரம்மா உள்ளே போய்ச் சுவரில் இருந்த படங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் துணி விரித்து அடுக்கினார்.

"எங்க போடணுமோ போடுங்க பாய்" என்றார்.

புது வெள்ளையில் ஓட்டை விழுந்தது. ஸ்விட்சுக்கு முன்னாலேயே பிரித்து, எங்கள் பிளக்குக்கு நேராக ஒயர் வந்தது. வராந்தா லைட்டை யார் அணைத்தாலும் இனி எங்கள் பல்பு அணையாது.

மார்கழி போயிற்று. தை பிறந்ததும் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். நர்சம்மா தராசுத் தட்டில் துணி விரித்துப் படுக்க வைத்தார். குழந்தை காலை உதைத்தது. முள் ஆடியது. நிற்கட்டும் என்று காத்திருந்தோம்.

இரண்டு கிலோ முந்நூறு.