கர்ப்பகாலத்திலை காய்ச்சல் வந்ததோ?

தெரியாத வீடுகளுக்கு ரெலிபோன் எடுத்துக் கேள்வி கேக்கிறதெண்டது, எதிர்ப்பக்கம் போனை அடிச்சு வைக்கிற சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்கிற தொழில். சர்வே எடுத்தவை, காப்புறுதி வித்தவை, கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்தவை எல்லாரும் என்ரை ஆக்கள்தான். கிட்ட வந்து இருங்கோ.

நான் யூனிவர்சிட்டிக்கு முதல் படிக்கிற சீஜெப் படிப்பைப் பாதியிலை விட்டுட்டு, பீட்சா கொண்டுபோய்க் குடுத்து, டெப்பனர் கடையிலை கல்லாவிலை நிண்டு, ரண்டு வேலையும் வாயாலை போய், நோத்ர-டாம்-த-கிரேஸிலை அண்ணையின்ரை சோபாவிலை படுத்திருந்த காலம். ஈராயிரத்துக்குப் பிறகு வந்த வருசங்கள். பிள்ளை வயித்திலை இருக்கேக்கை தாய்க்கு வாற காய்ச்சல், தொற்று மாதிரி வருத்தங்களுக்கும் பிள்ளைக்கு வாற மதியிறுக்கம் எண்ட ஓட்டிசத்துக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ எண்டு ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஓட்டிசம் இருக்கிற பிள்ளையளின்ரை தாய்மாரிட்டையும் இல்லாத பிள்ளையளின்ரை தாய்மாரிட்டையும் ஒரே கேள்வியளைக் கேக்கவேணும். தமிழ் வீடுகளுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தானே கர்ப்பமாகி லீவிலை போட்டா. தமிழ், பிரெஞ்சு, இங்கிலீசு மூண்டும் கதைக்கிற வேறை ஆள் அம்பிடாமல், ஆராய்ச்சியை நடத்தின மதாம் சில்வி என்னை எடுத்தா.

ஆர் ஆரைக் கேக்கிறது

எங்கடை சனத்திட்டைக் கேள்வி கேக்கிறதெண்டால் முதல் நாங்கள் பதில் சொல்லி முடிக்கவேணும். ஊரிலை எவடம், தகப்பன் ஆர், இஞ்சை எந்தக் கோயில், மாதாவோ முருகனோ. ஒரு மன்னார் அக்கா, என்ரை சித்தப்பாவின்ரை கலியாணத்திலை தான் சாப்பிட்டது வரைக்கும் கண்டுபிடிச்சுப்போட்டா. கடைசியா மூச்சைப் பிடிச்சுக்கொண்டு, கர்ப்பமாய் இருக்கேக்கை சலம் போக எரியிற சலக்கடுப்பு ஏதும் வந்ததோ எண்டு கேட்டன். அக்கா சொன்னா:

"தம்பி, நீங்கள் இப்பிடியெல்லாம் கதைக்கிறது உங்கடை அம்மாவுக்குத் தெரியுமோ?"

மல்லித்தண்ணி

காய்ச்சல் வந்ததோ எண்டு கேட்டால் எங்கடை தாய்மாரிட்டை ஒரே பதில்தான்: இல்லை. இந்தச் சனத்துக்கு வருத்தமே வராதோ எண்டு மதாமுக்குச் சந்தேகம் வந்திட்டுது. டொக்டரிட்டைப் போகாதது ஒண்டும் எங்கடை வீடுகளிலை வருத்தமில்லை, மல்லி அவிச்சுக் குடிச்சால் அதோடை கதை முடிஞ்சுது எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினன். எல்லாத் தமிழ்த் தாய்மாரிட்டையும் ஒரே மாதிரிக் கேக்கிறதெண்டால் மல்லியையும் கேள் எண்டு விட்டா.

மல்லி எண்ட உடனை எல்லாம் ஞாபகம் வரும்: பனிக்காலம், தடிமன், போர்வை, புருசன் அடிப்பிடிக்க வைச்ச சோறு. லவாலிலை ஒரு அக்காவுக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டதாம், பல்லு கிடுகிடுத்ததாம். அப்ப அது காய்ச்சல்தானே அக்கா எண்டன்.

"காய்ச்சலெண்டால் படுக்கவேணுமெல்லே, நான் வேலைக்கெல்லோ போனனான்."

பதில் சொன்ன புருசன்

இல்-பிசார் தீவிலை ஒரு வீடு. பேரை மாத்தி, ரஜனி அக்கா எண்டு சொல்லுறன். அவவின்ரை ஐஞ்சு வயசு மகனுக்கு ஓட்டிசம். எப்ப எடுத்தாலும் புருசன் குமார் அண்ணைதான் போனைத் தூக்குவார். நான் கேள்வியை முடிக்க முதலே பதில் வந்திடும். காய்ச்சல் இல்லை. தடிமன் இல்லை. மல்லியோ, தங்கடை வீட்டிலை மல்லியே வாங்கிறேல்லையாம். அப்ப கறிக்கு என்னத்தைப் போடுறியள் எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிப்போட்டன். தாய்தான் பதில் சொல்லவேணும் அண்ணை, அவவிட்டைக் குடுங்கோ எண்டு தன்மையாய்க் கேட்டன். குரலைத் தாழ்த்தினார்:

"அவவிட்டைக் கேட்டால் காய்ச்சல் வந்ததெண்டு சொல்லிப்போடுவா, தம்பி."

அடுத்த பஸ் வரும்வரைக்கும்

பிறகு ரஜனி அக்கா, போனிலை விழுந்த நம்பரைப் பாத்து தானே எடுத்து என்னை வீட்டை வரச்சொன்னா. வாசலிலை நான் கழட்டின சப்பாத்தை மகன் தூக்கிக்கொண்டு போய், மற்றச் சப்பாத்துகளோடை சேர்த்து மூக்குச் சுவரிலை முட்ட வைச்சான். நான் பகிடிக்கு ஒண்டைச் சரிச்சு விட்டன். என்னைப் பாராமலே நேராக்கினான். அக்கா எல்லாத்துக்கும் பதில் சொன்னா. காய்ச்சல் வந்ததுதான். லீவு கேட்டால் வேலை போயிடுமெண்டு, குளிசையைப் போட்டுக்கொண்டு தையல் ஃபக்டரிக்குப் போய்த் தைச்சவ.

கேள்வி முடிய பஸ் போட்டுது. அந்தத் தீவிலை ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்குத் தவம் கிடக்கவேணும். தேத்தண்ணி தந்தா. அப்பதான் கேட்டா, அந்தக் காய்ச்சலாலைதானோ பிள்ளைக்கு இப்பிடி எண்டு. மாமி, குமார் அண்ணையின்ரை அம்மா, அப்பிடித்தான் சொல்லுறாவாம். சொந்தக்காரர் எல்லாருக்கும் அது நல்லாய்த் தெரியுமாம். கேள்வி கேக்கிறவை தங்கடை அபிப்பிராயம் சொல்லக்கூடாதெண்டு மதாம் முதலே படிப்பிச்சு விட்டவ. மதாமிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு மட்டும் சொன்னன். ஜன்னலுக்காலை வெளியிலை பாத்துக்கொண்டு நிண்ட குமார் அண்ணை, திரும்பாமலே சொன்னார்:

"தன்ரை வாயாலையே தனக்குக் குற்றம் எழுதிக் குடுப்பா எண்டுதான் நான் இல்லை இல்லையெண்டு நிண்டனான்."

ஸ்பீக்கர்

திங்கட்கிழமை மதாமிட்டைச் சொன்னன். பேச்சு விழுமெண்டு பாத்தால், ரஜனி அக்காவுக்குப் போனை எடு எண்டா. அவ பிரெஞ்சிலை சொல்லச் சொல்ல நான் தமிழிலை சொன்னன். தெரியாது. தெரியாதபடியாலைதான் இத்தனை தாய்மாரிட்டைக் கேக்கிறம். காய்ச்சல் வந்தும் பிள்ளைக்கு ஓட்டிசம் இல்லாத தாய்மாரும் இருக்கினம், காய்ச்சலே வராமல் ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பெத்தவையும் இருக்கினம். ஆராய்ச்சி முடிஞ்சாலும் அது கனபேரைச் சேர்த்துப் பாத்துச் சொல்லுற கதை. ஒரு தாயைக் காட்டி, உன்ரை காய்ச்சலாலைதான் எண்டு சொல்ல ஒருத்தராலும் ஏலாது. கடைசியா, இது நீங்கள் செய்த பிழையில்லை எண்டு மதாம் மெல்லமாய்ச் சொன்னா. அதை மட்டும் நான் மெல்லமாய்ச் சொல்லேல்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிற சத்தம். பிறகு ரஜனி அக்கா தொண்டையைச் செருமினா:

"தம்பி, முதல்லையிருந்து திரும்பச் சொல்லுங்கோ, ஸ்பீக்கரிலை போடுறன், மாமி குசினிக்கை நிக்கிறா."

படிப்பை விட்டவன் தெரியாதெண்டால் பேச்சு விழும், படிச்சு முடிச்சவ தெரியாதெண்டால் ஒரு வீடே மூச்சு விடும் எண்டதுதான் அந்த ஆராய்ச்சியிலை நான் கண்டுபிடிச்ச ஒரேயொரு முடிவு.