பெரிலியத் தகட்டுக்கு முன்னால்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, ஒரு நண்பகலில் சுன்னாகம் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய அண்ணை, பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டிப் போனார். எட்டு வருடம் அமெரிக்காவில் இருந்தவருக்கு என் முகம் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்ட பிறகும், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, குரல் வந்த திசையைத் தேடினார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது.

மிஷன் உதவியோடு பௌதிகம் படிக்கப் போனவர் அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்கு அமர்ந்திருந்தார். அணுத்துகள்களைக் காந்தங்களுக்கிடையே சுழற்றி வேகமேற்றி, பெரிலியம் என்ற உலோகத் தகட்டில் மோதவிடுவார்கள். அந்த மோதலில் நியூத்திரன்கள் தெறித்து வெளிவரும். அவை கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் பட்டாலும் உணரமுடியாது. வேகமேற்றிய துகள்களின் ஒளிரும் கதிர் தகட்டின் நடுவில் விழுகிறதா என்று எட்டிப் பார்ப்பது அண்ணையின் பொறுப்பு. லீவில் வந்திருந்தவர் திரும்பிப் போவதாகவே இருந்தார்.

“கண்ணிலை படலம் விழுந்திருக்குது. இது அறுபது வயசிலை வாறது. உமக்கு ஏன் வந்ததெண்டு விளங்கேல்லை,” என்றார் கண் டாக்குத்தர். (எனக்கும் இப்போது அந்தப் படலம் இருக்கிறது. எனக்கு வந்தது வயதால்.) டாக்குத்தரிடம் காட்டிய ஐந்தாம் நாள் அண்ணை, பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த என்னிடம் கடதாசியும் பேனையும் எடுத்துவரச் சொன்னார். ஆய்வுகூடத்துக்குக் கடிதம். தன் கண்ணுக்கு நேர்ந்ததையும், அது நியூத்திரனால்தான் என்று தான் நம்புவதையும் அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பாதியில் நிறுத்தினேன்.

“உந்தக் கடிதத்தை அனுப்பினால் உங்களைத் திரும்ப எடுப்பினமோ, அண்ணை?”

“எடுக்கமாட்டினம்.”

“அப்ப கண்ணைச் சுகமாக்கிப்போட்டு எழுதலாமே.”

“என்னோடை நிண்ட நாலு பேர் இப்பவும் அங்கை எட்டிப் பார்த்துக்கொண்டு நிக்கினம். எழுது, பிள்ளை.”

மனமில்லாமல் எழுதி முடித்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கு பேரின் கண்ணையும் சோதித்தார்களாம். இருவருக்குப் படலம் தொடங்கியிருந்தது. மற்ற இருவருக்கு ஒன்றுமில்லை. எட்டிப் பார்ப்பதை அன்றோடு நிறுத்தி, நியூத்திரன்களைத் தடுக்க இயந்திரத்தைச் சுற்றித் தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருந்தார்கள். நன்றி சொல்லியிருந்தார்கள். அண்ணையைத் திரும்ப அழைப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமை.

“அந்த ரெண்டு பேரைப் பற்றின வரியை இன்னொருக்கா வாசி,” என்றார்.

“படலம் தொடங்கினவையோ?”

“இல்லை. மற்றவை.”

வாசித்தேன்.

“ஓம்,” என்றார் அண்ணை. “அது போதும்.”