யாருக்குக் கார்டு இல்லை?

டின் மூடி செய்யும் அந்தப் பட்டறையில் அவளை ‘வெடிக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. தங்கையின் விரல்கள் போன நாளிலிருந்து அந்த வாய் அடைத்துக் கிடந்தது.

அக்காள் தங்கை இருவருக்கும் பிரஸ் மெஷினில்தான் வேலை. கை உள்ளே போகாதபடி மெஷினுக்கு முன்னால் கம்பி வலை ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் கார்டு. வலை இருந்தால் வேலை ஓடவில்லை என்று மேனேஜர் ஆளை விட்டுக் கழற்றி எறியச் சொன்னார். அடுத்த வாரமே தங்கைக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

விசாரிக்க அதிகாரி வந்தார். சாட்சி என்று அக்காளையும் கூப்பிட்டு மேனேஜர் அறையில் சுவரோரம் நிற்க வைத்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷில். அவளுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். ‘அன்கார்டட்.’ மேனேஜர் அதை அழுத்தி அழுத்திச் சொன்னார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்டு இல்லை என்று மனுஷன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறானே! அவனை மனசுக்குள் வயிறெரியத் திட்டியதற்குக்கூட ஒரு கணம் வருந்தினாள். அவளை ஒன்றும் கேட்காமலே போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே டைப் அடிக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

“அக்கா, மெஷினுக்குச் சொன்னா தடுப்பு இல்லாததுன்னு அர்த்தம். ஆளுக்குச் சொன்னா அசந்து இருந்தாங்கன்னு அர்த்தம். உள்ளே பேசினது எனக்கும் கேட்டுச்சு. அவர் உங்க தங்கச்சியைத்தான் சொன்னாரு.”

“ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?”

“ஒரே வார்த்தைதான்க்கா.”

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நேரே பழைய இரும்புக் குவியலுக்குப் போனாள். கழற்றிப் போட்ட வலையை இழுத்துக்கொண்டு வந்து, மேனேஜரின் மேஜைமேல், காபிக் கோப்பைகள் உருள, தொப்பென்று போட்டாள்.

“வெளியே போம்மா!” என்று மேனேஜர் எழுந்தார்.

“போறேன். இத கழட்டச் சொன்னது நீயா, என் தங்கச்சியா? அத மட்டும் சொல்லு, போறேன்.” அதிகாரி பக்கம் திரும்பினாள். “சார், அசந்து போகாத மனுஷங்க உண்டா? நீங்க ஒரு தும்மல்கூடப் போட மாட்டீங்களா? தும்மினா விரல் போயிடணுமா? அதுக்குத்தானே சார் வலை!”

அதிகாரி எழுந்து பட்டறைக்குள் போனார். வரிசையாக ஒரு மெஷினுக்கும் வலை இல்லை. அன்றே மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். வலை மாட்டிய பிறகுதான் பட்டறை ஓடியது. மேனேஜரை வேறு கிளைக்கு அனுப்பினார்கள், அதே நாற்காலிக்கு. அவளை மூடி அடுக்கும் மூலைக்குத் தள்ளினார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

ஆனால் வீட்டில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தங்கை ஒருநாள் மெல்லக் கேட்டாள்: “நான் நெஜமாவே அசந்துதான் இருந்தேனாக்கா?”

அந்த மேனேஜரை அக்காள் இன்றுவரை மன்னிக்காதது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.