ஒளித்துகள் போகாத கூடுவாஞ்சேரிக்கு நான் போனேன்

கடந்த வெள்ளிக்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போய்வந்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பவர்கள் என் மனைவி கல்யாணியின் ஆராய்ச்சியைக் கேள்விப்படாதவர்கள்.

தாம்பரத்தில் ஓர் அணுக்கடிகாரம், கூடுவாஞ்சேரியில் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குவரை அளக்க வேண்டும். அதற்காகக் கண்ணாடி இழை வழியே இரு பக்கமிருந்தும் ஒளியை அனுப்புகிறார்கள். நெடுந்தூரத்துக்கும் சரிவருமா என்று பார்க்க நடுவே நூறு கிலோமீட்டர் இழையைச் சுருட்டிவைத்திருப்பதால், மறுமுனைக்கு ஒன்றிரண்டு ஒளித்துகள்களே போய்ச்சேரும். ஒற்றைத் துகளையும் எண்ணும் உணர்கருவி கூடுவாஞ்சேரியில் இருந்தது, இரவல். அன்று மாலை ஐந்து மணிக்கு அதை எடுத்துப்போக வேன் வரும். காலையிலிருந்து ஒரு துகளும் வரவில்லை. உதவியாளர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். எனவே நான்.

தாம்பரத்தில் 1.40 மின்ரயில், ஐந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். இழை வழியே ஒளிக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

கருவிகள் இருந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், கல்யாணியின் பெயரில் வாடகைக்கு எடுத்த தரைத்தள வீட்டில். சாவி செக்யூரிட்டி ஏழுமலையிடம். கதவைத் திறந்தால் பெட்டி, இழை டிரம், ஸ்டெபிலைசர், சுவிட்ச்போர்டு எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம்.

"புது மிஷின் வந்துகீது, வெள்ளிக்கெழம வேற. பொட்டு வெக்காம இன்னா சார் பண்றது?"

"எங்கெங்க வெச்சீங்கண்ணா?"

"ஒன்னு வுடல. இந்த மஞ்ச வயர கயட்டி, அதும் மூக்குலகூட வெச்சிட்டு மறுபடி சொருவிட்டேன்."

அந்த வயருக்குள் ஒளி போகும் பாதை தலைமுடியைவிட மெல்லியது. சந்தனம் நல்ல கெட்டி.

தாம்பரத்திலிருந்த கல்யாணியிடம் போனில் சொன்னேன். அவர், "லேசரை ஆஃப் பண்ணிட்டேன். டிராயர்ல கிளீனர் பேனா இருக்கும், வயர் முனையையும் சொருகுற ஓட்டையையும் துடைங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

நாலரைக்குத் துகள்கள் வரத்தொடங்கின. அளந்து முடிக்க ஒரு மணி நேரம் வேண்டும். ஏழுமலையிடம் நிலைமையைச் சொன்னேன்.

"அவ்ளோதான? நீ உள்ள போ சார்."

ஐந்து மணிக்கு வேன் வந்தது. ஜன்னல் வழியே கேட்டது:

"வூட்டுக்காரம்மா போன்ல சொன்னாதான் கேட்ட தெறப்பேன். அசோசியேஷன் ரூல்."

"போட்டேண்ணா, எடுக்கல."

"எடுக்கும்போது வா."

"பேஜார் பண்ணாதண்ணா."

"நானா பண்றேன்? ரூல் பண்ணுது."

தாம்பரத்தில் கல்யாணி, அலறும் போனைப் பார்த்தபடி அளந்துகொண்டிருந்தார். ஐந்தரைக்கு எடுத்தார். கேட் திறந்தது. வித்தியாசம் கேட்ட துல்லியத்தில் பிடிபட்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தாம்பரத்துக்குத் தெற்கே ரயில்கள் குறைவு, விட்டால் அரை மணி நேரம் போகும். குடியிருப்புக்குள் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால், அவர் போனை எடுப்பாரா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் ஏழுமலையின் பெயரும் வருகிறது. என்ன செய்தார் என்று எழுத முடியாததால், 'தொழில்நுட்ப உதவிக்கு' என்று போட்டிருக்கிறார்கள்.