கிரேப் என்றால் திராட்சைதானே

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான். அந்தப் பெருமையோடுதான் என் மனைவியைச் சிதம்பரத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போயிருந்தேன். ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்து கதவு வரை வந்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "கிரேப் ஃப்ரூட் மட்டும் சாப்பிட வேணாம்மா. இந்த மாத்திரைக்கு ஆவாது."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "திராட்சை சாப்பிடக் கூடாதாம்" என்று மொழிபெயர்த்தேன். கடலூர் பஸ் ஏறுவதற்குள் எனக்கு என் மேலேயே மரியாதை கூடிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் திராட்சை நுழையவில்லை. பன்னீர் திராட்சை என்றால் அவளுக்கு உயிர். தெருவில் பழவண்டி வந்தால் சண்டைக்குப் போகிறவன் மாதிரி நான் வாசலில் போய் நின்றுகொள்வேன். ஒரு கல்யாணப் பந்தியில், அவள் பாயசத்தில் கிடந்த காய்ந்த திராட்சையை விரலை விட்டுப் பொறுக்கினேன். பக்கத்து இலைக்காரர் தன் பாயசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

இப்படி நான் திராட்சைக்குக் காவல் இருந்த நேரத்தில்தான் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் இருக்கிறான். நர்சரியில் வாங்கி வீட்டுக்குப் பின்னால் வைத்த கன்று அந்த வருஷம் காய்த்துத் தள்ளியதாம். ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து இறக்கினான். மஞ்சள் தோல், உள்ளே இளஞ்சிவப்புச் சுளை.

"என்ன மச்சான், பப்ளிமாஸா?"

"பப்ளிமாஸையும் ஆரஞ்சையும் கலந்த ஹைப்ரிட்டு மாமா. ஒடம்புக்கு அவ்ளோ நல்லதாம்."

பள்ளிக்கூடத்தில் எனக்கே பப்ளிமாஸ் என்றுதான் பட்டப்பெயர். என் உருவத்தைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். பழத்தோடு உடனே ஒரு சொந்தம் வந்துவிட்டது. போனில் தேடிப் படித்தேன். விட்டமின் சி, நார்ச்சத்து, கொழுப்பைக் குறைக்கும். அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையே உட்கார்ந்துவிட்டேன். சுடுதண்ணீர் வைக்கக்கூட அடுப்பங்கரைப் பக்கம் போகாத ஆள், தோலை உரித்து, வெள்ளைச் சவ்வை நீக்கி, விதை எடுத்து, கிண்ணத்தில் போட்டு, தினமும் பாதிப் பழம் என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் பங்கு குறையுமே என்று நான் ஒரு சுளைகூடத் தொடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ருசியில் சொக்கிப்போகிறாள் என்று நினைத்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடக்க வருகிறவர்களிடமெல்லாம் இந்தப் பழத்தின் மகிமையைப் பிரசங்கம் செய்தேன். என் கூட வேலை பார்த்த ஒருவர், என்னைத் தூரத்தில் கண்டாலே வந்த வழியே திரும்பிவிடுவார்.

"தொடையெல்லாம் கடுக்குதுங்க" என்றாள் மனைவி ஒருநாள்.

"கெட்டதெல்லாம் வெளிய போவுது. அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, பாதிப் பழத்தை முழுப் பழமாக உயர்த்தினேன். அவளுக்கு ரத்தத்தில் கொழுப்பு, எனக்கு வாயில்.

ஒருநாள் காலையில் அவளால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. தூக்கி நிறுத்தினேன், கால் நிற்கவில்லை. பதறிப்போய் மச்சானுக்குப் போன் போட்டேன். மச்சான் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அந்தக் கலக்கத்திலும், டாக்டரம்மாவுக்கென்று நல்ல பழமாக இரண்டு எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் நான்.

"புதுசா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்றார் டாக்டரம்மா.

பழத்தை மேஜைமேல் வைத்தேன். "தெனம் ஒண்ணு குடுக்கறேன் டாக்டர். ஒங்களுக்கும் கொண்டாந்திருக்கேன்."

அவர் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், இதத்தானே சாப்பிட வேணாம்னு சொன்னேன்?"

"நீங்க திராட்சைய இல்ல சொன்னீங்க?"

"கிரேப் ஃப்ரூட்னு சொன்னேன்."

"கிரேப்னா திராட்சை. ஃப்ரூட்னா பழம்" என்றேன். அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "திராட்சை மாதிரி கொத்தா காய்க்குறதால அந்தப் பேர் சார். நல்ல பழந்தான், மாத்திரை எதுவும் சாப்பிடாதவங்க தாராளமா சாப்பிடலாம். ஆனா இந்த மாத்திரைய அது ஒடம்புலயே தேக்கி வெச்சிடும். மாத்திரை சேரச் சேர தசை கெடும், அது கிட்னி வரைக்கும் போவும்."

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் கையாலேயே உரித்துக் கொடுத்துச் சாகடித்தவன் ஆகிவிடுவேனே என்று பயந்தேன். தில்லை நடராஜா என்று கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். ரிப்போர்ட் வந்தது. கிட்னிக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்கள், பழத்தை அடியோடு விடச் சொன்னார்கள். கால் வலி போகப் போகச் சரியாகிவிடுமாம்.

திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே மச்சான் என்னையும் ஓட்டினான். "ஃப்ரூட்னா பழம், என்ன மாமா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். புதுச்சத்திரம் தாண்டும்போது, அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றது ஞாபகம் வந்து, மெதுவாக அவளிடம் கேட்டேன். "பழம் கசந்துச்சா?"

"வாயிலயே வெக்க முடியலங்க."

"அப்புறம் ஏன் தின்ன? வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எனக்குன்னு ஒக்காந்து உரிச்சுக் குடுத்தது அது ஒண்ணுதான். அத எப்பிடிங்க வேணாங்கறது?"

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கண்ணாடியில் பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல் நான் அழுதேன்.