தள்ளுவண்டிக்குக் காவல் இருந்த பயணி

அமலாவுக்கு ஒருகாலத்தில் ஒன்றரை லட்ச ரூபாய் கடன் இருந்தது. தூத்துக்குடியில் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிய கடன். அது தீர்ந்த மாதமே போய் ஒரு முதுகுப்பை வாங்கிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. வருஷத்துக்கு ஓர் ஊர். கண்டி, பினாங்கு முடிந்து சிங்கப்பூர் மூன்றாவது.

என் விடுதி அப்பர் டிக்சன் சாலையில். இருபத்து நான்கு கட்டில். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். செம்பவாங் கப்பல்பட்டறையில் துரு சுரண்டிய காசில் முதல் கட்டிலை வாங்கினேன். இன்று நாற்பது நாட்டுக்காரர்கள் என் தலையணையில் தூங்கிப் போயிருக்கிறார்கள். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொள்பவன். அமலா சுடிதாரும் பையுமாக வாசலில் நின்றபோது, விரிப்பு மாற்றும் வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று நானே சொன்னேன். பெருமைக்காரன்தான், பொய்க்காரன் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

"வேலைக்கு இல்ல அண்ணாச்சி, கட்டிலுக்கு" என்றார். கடவுச்சீட்டு நகல் ஒன்று கேட்டேன். மூன்று கொடுத்தார்.

காலை ஆறு மணிக்கே குளித்து, துவைத்ததைக் கட்டில் கம்பியில் காயப்போட்டுவிடுவார். அவித்த முட்டை இரண்டு, தண்ணீர், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த வரைபடம். நான்கு நிறுத்தத்துக்குக் குறைந்த தூரம் என்றால் பேருந்து ஏறமாட்டார். மாலையில் உப்புத் தண்ணீர் வாளியில் கால் வைத்தபடி, பார்த்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு போவார். கடைத்தொகுதிகள் அவருக்கு வேண்டாம். அகழாய்வுக்குத் தோண்டிய குழிதான் வேண்டும். "ஆதிச்சநல்லூர்ல குழி பாத்திருக்கேன். இங்க ராசா காலத்துக் குழி மலைமேல இருக்குல்லா?" என்று வந்த அன்றே கேட்டார். ஃபோர்ட் கேனிங் மலையைச் சொல்கிறார்.

போகிற இடமெல்லாம் எந்த வீட்டில் வேலை என்று கேட்டிருக்கிறார்கள். காத்தோங் கோயிலில் ஒரு மாமி சம்பளம் எவ்வளவு என்றே கேட்டுவிட்டார். "எனக்கு நானே குடுத்துக்கிடுதேன்" என்றாராம் அமலா. அதே பை ஒரு வெள்ளைக்காரி முதுகில் இருந்தால் பயணி. நம் பெண் முதுகில் இருந்தால் பணிப்பெண்ணா? கேட்பவர்களும் நம் ஆட்கள்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஃபோர்ட் கேனிங்கில் சனி, ஞாயிறு மட்டும் தமிழில் விளக்கிக் கூட்டிப்போகும் மலைநடை ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர், தலைக்கு நாற்பது சிங்கப்பூர் வெள்ளி. சனிக்கிழமை நடைக்கு அமலா முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார். மலையடிவாரத்தில் குழந்தையோடும் அதன் தள்ளுவண்டியோடும் ஒரு குடும்பம் நின்றது. பக்கத்தில் இவர். வழிகாட்டி வந்தார். "அக்கா, படி நிறைய லா. தள்ளுவண்டிய இங்கயே பாத்துக்குங்க" என்றார். குடும்பமும் வண்டியை இவர் பக்கம் தள்ளிவிட்டது. இவர் குடும்பத்தின் பணிப்பெண் என்று வழிகாட்டி நினைத்தார். வழிகாட்டியின் ஆள் என்று குடும்பம் நினைத்தது. சீட்டு வாங்கிய பெண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ ஒருவர் வரவில்லை போல என்று, இவர் சீட்டை எடுத்துக் காட்டுவதற்குள் வழிகாட்டி பதினொரு பேரோடு ஏறிவிட்டார்.

இரண்டு மணி நேரம், வெயிலில், பிள்ளை இல்லாத வண்டிக்குக் காவல். மாலையில் அவர் வந்து சொன்னதும், விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கத்தினேன். "பிள்ளைக்கு மருந்து அதுலதான இருந்துச்சு அண்ணாச்சி" என்றார். குழந்தையின் அம்மா திரும்பி வந்து ஐந்து வெள்ளி நீட்டியிருக்கிறார். இவர் வாங்கவில்லை. வழிகாட்டி மலைக்கு அந்தப் பக்கமே இறங்கிப் போய்விட்டாராம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிறன்று இரவு அவருக்கு விமானம். காலையில் விடுதியைப் பூட்டாத குறையாக நானும் மலையடிவாரத்துக்குக் கூடப் போனேன். வழிகாட்டியின் பெயர் சுரேந்தர், முப்பது வயது இருக்கும். நான் கேட்ட கேள்விகளைப் பத்திரிகையில் போடமாட்டார்கள். "சாரி அக்கா. தப்பு என்னோடதுதான். ஆனா இன்னிக்கு ஃபுல் லா" என்று நான்கு பத்து வெள்ளித் தாள்களை அமலாவின் கையில் திணித்தார்.

அமலா பணத்தைப் பார்க்கவில்லை. மேலே போகும் படிகளைப் பார்த்தார்.

"நேத்து பதினொரு பேரோட போனீங்கல்லா தம்பி. இன்னிக்குப் பதிமூணு பேரோட போங்க."

சுரேந்தர் பட்டியலின் அடியில் அமலாவின் பெயரை எழுதினார். அமலா அவருடைய இன்னொரு கையைப் பிடித்து விரித்து, நான்கு தாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார்.